ஹிலோவுக்கு எண்ணெய்க் குப்பியோடு போன கதை

அம்மாவின் பெட்டியில் நல்லெண்ணெய்க் குப்பி இருந்தது எனக்குத் தெரியாது. ஹவாய் போகிறோம், கடல் இருக்கும், எரிமலை இருக்கும், அருவிக்குப் பஞ்சமே இல்லை என்று சொன்னது நான்தான். தென்காசிக்காரியிடம் அருவி என்று சொன்னால் காதில் என்ன விழும் என்று யோசித்திருக்க வேண்டும். எங்கள் ஊரில் அருவி என்றால் குளிக்கிற இடம். உச்சந்தலையில் எண்ணெய் வைத்துத் தேய்த்துக்கொண்டு, கூட்டத்தில் இடித்துப் பிடித்து உள்ளே போய், தண்ணீர் தோளில் அறைய அறைய நின்று, யாராவது கையைப் பிடித்து வெளியே இழுக்கும்வரை வராமல் இருக்கிற இடம். அருவியைத் தள்ளி நின்று பார்த்துவிட்டு வந்தேன் என்று யாராவது சொன்னால், காய்ச்சலா என்று கேட்பார்கள்.

அம்மா சான் ஹோசேக்கு எங்களோடு ஆறு மாதம் இருக்க வந்திருந்தாள். மார்ச்சில் மகளுக்கு ஒரு வாரம் பள்ளி விடுமுறை. சரி, ஆச்சியையும் கூட்டிக்கொண்டு போவோம் என்று டிக்கெட் போட்டோம். நாங்கள் போனது ஹவாய் தீவு. மாநிலத்துக்கும் அதே பெயர், தீவுக்கும் அதே பெயர் என்பதால் குழப்பம் வரும், அதனால் எல்லோரும் இதைப் பெரிய தீவு என்கிற அர்த்தத்தில் பிக் ஐலண்ட் என்பார்கள். மாநிலத்தின் மற்ற தீவுகள் எல்லாவற்றையும் சேர்த்து வைத்தாலும் இதன் பரப்பளவு வராது.

முதல் தப்பு என்னுடையது. பயணம் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒரே குரலில் கோனா பக்கம் தங்குங்கள், கிழக்குக் கரையில் ஹிலோ பக்கம் எப்போதும் மழை என்று எழுதியிருந்தார்கள். நானும் மழைக்குப் பயந்து மேற்குக் கரையில் கோனா பக்கமாக இரண்டு நாள் அறை எடுத்துவிட்டேன். விமான நிலையத்திலிருந்து வெளியே வந்தால் சாலையின் இரண்டு பக்கமும் கறுப்புக் கல். கண்ணுக்கு எட்டியவரை எரிமலைக் குழம்பு ஆறி உறைந்து, உடைந்து, குவிந்து கிடக்கிறது.

"என்னட்டி இது, தார் ரோட்டைப் பேத்துக் குமிச்சுப் போட்ட மாதிரி கெடக்கு? அருவிய எங்க?"

இரண்டு நாளும் அம்மா இதையே கேட்டாள். வெயில் நன்றாக அடித்தது, கடல் நீலமாக இருந்தது, மகள் கடலாமையைப் பார்த்தாள், வீட்டுக்காரர் கோனா காப்பி வாங்கி விலையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். ஆனால் ஓடை என்று ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. பாலங்கள் இருந்தன, கீழே தண்ணீர் இல்லை.

அதற்குக் காரணம் ரொம்ப எளிது, முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டியது. இந்தத் தீவின் நடுவில் இரண்டு பெரிய மலைகள், மௌனா கேயா 4,207 மீட்டர், மௌனா லோவா 4,169 மீட்டர். வருடத்தில் பெரும்பாலான நாள் காற்று வடகிழக்கிலிருந்து ஈரத்தோடு கடலைக் கடந்து வந்து இந்த மலைகளில் முட்டுகிறது. முட்டி மேலே ஏறுகிறது, குளிர்கிறது, வைத்திருந்ததை எல்லாம் கிழக்குச் சரிவிலேயே கொட்டிவிட்டு வெறுங்கையோடு மேற்கே இறங்குகிறது. ஹிலோவில் ஆண்டுக்குச் சுமார் 3,200 மில்லிமீட்டர் மழை, அதாவது சென்னையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அங்கிருந்து மலையைச் சுற்றிக்கொண்டு மேற்கே கவாய்ஹாயே கரைக்குப் போனால் 250 மில்லிமீட்டர்தான். ஒரே தீவு, காரில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். இதில் இன்னொரு விஷயமும் சேர்ந்துகொள்கிறது. மௌனா லோவாவின் கல் இளம் கல், சல்லடை மாதிரி ஓட்டை. பெய்கிற கொஞ்சநஞ்ச மழையையும் அப்படியே உறிஞ்சிவிடும். மௌனா கேயாவின் கிழக்குச் சரிவு அதைவிட மூத்தது, சாம்பல் படிந்து மண்ணாகி இறுகிவிட்டது, அதனால் தண்ணீர் மேலாகவே ஓடிப் பள்ளம் பறித்துக் கடலோரப் பாறைகளில் வந்து விழுகிறது. ஆக, மழையைத் தவிர்த்துவிட்டு அருவி பார்க்க நினைத்த என் திட்டம், அரிசி வாங்காமல் சோறு வடிக்க நினைத்த திட்டம்.

மூன்றாம் நாள் காலை அறையைக் காலி செய்துவிட்டு, இரண்டு மலைகளுக்கும் நடுவில் போகிற சாடில் ரோடு வழியாகக் கிழக்கே கிளம்பினோம். சாலை 2,000 மீட்டர் உயரத்துக்கு ஏறுகிறது. உச்சியில் மேகம் சாலையிலேயே உட்கார்ந்திருந்தது. ஓர் இடத்தில் வண்டியை நிறுத்திக் காலாற நடந்தபோது, வீட்டுக்காரர் ஒரு சின்ன மரத்திலிருந்து பஞ்சு உருண்டை மாதிரிச் சிவந்த பூ ஒன்றைப் பறித்து அம்மாவிடம் கொடுத்தார். மருமகன் கொடுத்த பூ என்று அம்மா அதைக் கொண்டையில் செருகிக்கொண்டாள். ஹிலோ பக்கம் இறங்கத் தொடங்கியதும் மழை பிடித்தது. வைப்பரை நிறுத்தவே முடியவில்லை. அந்தப் பூவின் பெயர் லேஹுவா, மரம் ஓஹியா. பேலே என்கிற எரிமலைத் தெய்வம் ஓஹியா என்ற இளைஞன் மேல் ஆசைப்பட்டாளாம். அவன் மனசில் லேஹுவா இருந்தாள். கோபத்தில் பேலே அவனை முறுக்கிய மரமாக்கிவிட, மற்ற தெய்வங்கள் இரக்கப்பட்டு லேஹுவாவை அதே மரத்தில் பூவாக்கி வைத்தன. அந்தப் பூவைப் பறித்தால் இரண்டு பேரையும் பிரித்த பாவம், உடனே மழை வரும். மகள் இதை எங்கேயோ படித்துவிட்டு வந்து அடுத்த மூன்று நாளும் எந்த மழைக்கும் அப்பாவையே குற்றம் சொன்னாள்.

ஹிலோவுக்குள் நுழைந்ததும் அம்மா கண்ணாடியை இறக்கிக் கையை வெளியே நீட்டினாள். பெருமழை விட்டு, பூப்பூவாகத் தூறிக்கொண்டிருந்தது.

"சாரலுட்டி!" என்றாள். தீவுக்கு வந்து மூன்றாம் நாள்தான் முகத்தில் அந்தச் சிரிப்பு.

சாரல் என்கிற சொல்லை நான் பல வருடமாகப் பயன்படுத்தவே இல்லை. குற்றாலத்துக்கும் கதை இதுதான், காற்றின் திசைதான் வேறு. ஜூனில் தென்மேற்குக் காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் முட்டிக் கேரளத்தில் கொட்டுகிறது, அதில் கொஞ்சம் ஆரியங்காவுக் கணவாய் வழியாக எங்கள் பக்கம் சிந்துகிறது, அந்தச் சிந்தலைத்தான் நாங்கள் சீசன் என்று கொண்டாடுகிறோம். ஹிலோக்காரர்கள் தங்கள் ஊர் மழைக்குக் கானிலேஹுவா என்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். லேஹுவாப் பூக்கள் மேல் விழுந்து ஒலிக்கிற மழை. ஹவாய் மொழியில் இப்படி ஊருக்கு ஊர் மழைகளுக்குப் பெயர் உண்டு. மழைக்குப் பயந்து கோனாவில் அறை எடுத்தவள் இதையெல்லாம் படிக்கும்போது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

ஊருக்குள்ளேயே ஒரு அருவி. நாம் ரெயின்போ ஃபால்ஸ் என்று சொல்வதற்கு அவர்கள் வைத்த பெயர் வையானுவேநுவே. வை என்றால் நன்னீர், ஆனுவேநுவே என்றால் வானவில். கார் நிறுத்துமிடத்திலிருந்து இருபது எட்டு வைத்தால் கைப்பிடிச் சுவர், அதற்கு அந்தப் பக்கம் 80 அடி உயரத்திலிருந்து வைலுக்கு ஆறு விழுகிறது. மேலே தடித்த எரிமலைப் பாறை, அதன் அடியில் அரித்துப்போன பெரிய குகை, தண்ணீர் குகைக்கு முன்னால் திரை போட்ட மாதிரி விழுகிறது. காலை வெயில் நேராக அடித்தால் வானவில் விழுமாம். எங்களுக்கு வெயிலும் இல்லை, வானவில்லும் இல்லை. ஆனால் மேலே மழை பெய்திருந்ததால் இரண்டு மூன்று இழையாக விழ வேண்டியது ஒரே அகலமாக, பழுப்பாக, இரைச்சலோடு விழுந்தது. அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு இடது பக்கம் பார்த்தாள், வலது பக்கம் பார்த்தாள்.

"எறங்குத வழி எங்க இருக்கு?"

இறங்கக் கூடாது அம்மா, இங்கே குளிக்க விடமாட்டார்கள் என்றேன்.

"தண்ணி சாஸ்தியா வருதுன்னு தடை போட்டிருக்காகளா? சாயந்தரம் தொறந்து விடுவாகளா?"

எப்பவுமே கிடையாது என்பதை அவளுக்குப் புரியவைக்க முடியவில்லை. குளிப்பதற்குத் தடை என்பது எங்களுக்குத் தெரிந்த விஷயம்தான், வெள்ளம் வந்தால் போலீஸ் விசிலடித்து எல்லோரையும் வெளியேற்றும், நான்கு மணி நேரம் கழித்து வரிசை மறுபடி நகரும். குளிக்கவே கூடாத அருவியை எதற்கு வைத்திருக்கிறார்கள் என்பதுதான் அவள் கேள்வி. இரண்டு துண்டு, மாற்றுப் புடவை, சீயக்காய், அந்த எண்ணெய்க் குப்பி எல்லாம் ஒரு மஞ்சப்பையில் அவள் மடியில் இருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

ஆறுதலுக்கு அருவிக்குப் பக்கத்திலேயே ஒரு ஆலமரம். ஒரு மரம் என்று சொல்வதா, ஒரு தோப்பு என்று சொல்வதா தெரியவில்லை, விழுது இறங்கி இறங்கி அந்த இடத்தையே வளைத்திருக்கிறது. மகள் விழுதுகளுக்கு நடுவில் ஏறி எங்கேயோ மறைந்துவிட்டாள். அம்மா அதன் அடியில் உட்கார்ந்து, "இது நம்ம மரம்லா" என்றாள். தாழை, நுணா என்று அடுத்த இரண்டு நாளும் அவள் அடையாளம் காட்டிக்கொண்டே வந்தாள். தாழையை அங்கே ஹலா என்கிறார்கள், அதன் ஓலையில் பாயும் தொப்பியும் முடைகிறார்கள். ஒரு கீரி சாலையைக் கடந்தபோது நல்ல சகுனம் என்று கையெடுத்துக் கும்பிடப் போனாள். அந்தக் கீரி உண்மையிலேயே நம் நாட்டுக் கீரிதான். கரும்புத் தோட்டத்து எலியைப் பிடிக்க 1883இல் ஜமைக்காவிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள், ஜமைக்காவுக்கு அது கல்கத்தாவிலிருந்து போனது. எலி ராத்திரியில் திரியும், கீரி பகலில் திரியும் என்பதை யாரும் யோசிக்கவில்லை. எலி அப்படியே இருக்க, கீரி தரையில் கூடு கட்டுகிற பறவைகளின் முட்டையைத் தின்று பெருகிவிட்டது. சகுனத்தைக் கெடுக்க வேண்டாம் என்று நான் இதை அம்மாவிடம் சொல்லவில்லை.

அதே ஆற்றில் கொஞ்சம் மேலே போனால் பாய்லிங் பாட்ஸ், கொதிக்கிற பானைகள். பாறையில் வட்ட வட்டமாகக் குழி, ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தண்ணீர் பாறைக்கு அடியிலேயே புகுந்து போய் அடுத்த குழியில் பொங்கி எழுகிறது. சூடெல்லாம் இல்லை, பார்க்கத்தான் கொதிக்கிற மாதிரி. அம்மா பார்த்த உடனே, "பொங்குமாங்கடல்" என்றாள். குற்றாலத்துப் பேரருவித் தண்ணீர் முதலில் விழுந்து பொங்கி வழிகிற அந்தக் கிடங்கை நினைத்துச் சொன்னாள். இதை எத்தனையோ பேர் எத்தனையோ விதமாக எழுதியிருக்கிறார்கள், இவ்வளவு சரியாக யாரும் சொன்னதில்லை. அங்கே இதற்கு ஒரு கதை உண்டு. வையானுவேநுவே குகையில் ஹினா என்கிற தெய்வம் குடியிருந்தாள். கூனா என்கிற ராட்சசப் பல்லி அவளை மூழ்கடிக்க ஆற்றை அடைத்தது. ஹினாவின் மகன் மாவி வந்து காப்பாற்றி, கூனாவை ஆற்றோடு விரட்டி, பள்ளத்தில் ஒளிந்த இடத்தில் நெருப்புக் கல்லைப் போட்டுத் தண்ணீரைக் கொதிக்க வைத்தான். வைலுக்கு என்ற பெயருக்கே அழிக்கிற தண்ணீர் என்று அர்த்தம். பெயர் வைத்தவர்கள் சும்மா வைக்கவில்லை, இந்தக் குழிகளில் இறங்கி அடியில் இழுக்கப்பட்டுச் செத்தவர்கள் இருக்கிறார்கள். எச்சரிக்கைப் பலகை கண்ணுக்கு நேராக வைத்திருக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே எலிக்காய்ச்சல் பற்றி இன்னொரு பலகை, ஓடைத் தண்ணீரில் கிருமி இருக்கும், காயத்தோடு இறங்காதே, குடிக்காதே என்று.

"வை"தான் எங்கள் வண்டியில் அன்றைய விளையாட்டு. வைலுக்கு, வைபியோ, வைகிகி, வைலோவா என்று எல்லாம் தண்ணீர். "வைன்னா தண்ணியா? அப்போ வைகைன்னா?" என்று அம்மா கேட்டதும் மகள் கைகொட்டிச் சிரித்தாள். தற்செயல்தான், வேர்ச்சொல் ஆராய்ச்சியில் யாரும் இறங்கிவிடாதீர்கள். ஆனால் ஒரு விஷயம் எனக்குப் பிடித்தது. அந்த மொழியில் வை என்பதை இரண்டு தரம் சொன்னால், வைவை, அதற்கு அர்த்தம் செல்வம்.

மறுநாள் ஆகாகா. ஹிலோவிலிருந்து கடலோரமாக வடக்கே போகிற சாலையில் அரை மணி நேரம், ஹோனோமு என்கிற சின்ன ஊரைத் தாண்டி மேலே. ஒரு காலத்தில் இந்தக் கரை முழுக்கக் கரும்பு, 1990களில் ஆலைகள் மூடிவிட்டன, இப்போது ஹோனோமுவில் பழைய மரக் கடைகளும் தின்பண்டமும்தான். வெளியூர்க்காரர்களுக்கு ஆளுக்கு 5 டாலர், வண்டிக்கு 10 டாலர். உள்ளே சிமென்ட் போட்ட பாதை ஒரு சுற்று, அரை மைலுக்கும் குறைவு, ஆனால் படிகள் உண்டு, முழங்கால் வலிக்காரர்கள் நிதானமாக இறங்க வேண்டும். மூங்கில், இஞ்சிச் செடி, சேம்பு மாதிரி இலைகள் ஆளுயரத்துக்கு. ஹவாயில் தரையில் விஷப் பாம்பு கிடையாது என்று சொன்ன பிறகுதான் அம்மா தரையைப் பார்த்து நடப்பதை விட்டாள். வழியில் கஹுனா என்று இன்னொரு அருவி இருக்கிறது, செடிகொடிக்குப் பின்னால் ஒரு வெள்ளைக் கோடு, அவ்வளவுதான்.

ஆகாகா முன்னால் வந்தபோது யாரும் பேசவில்லை. 442 அடி, அதாவது 135 மீட்டர், எங்கேயும் தட்டாமல் ஒரே விழுச்சி. நயாகராவைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் உயரம், ஆனால் நயாகரா மாதிரி அகலம் எல்லாம் இல்லை, மெலிந்த அருவிதான். மெலிந்திருப்பதால்தான் ஒரு விஷயம் தெரிகிறது. மேலே விளிம்பைத் தாண்டும்போது ஒரு கட்டித் தண்ணீர் உருண்டு விழுகிறது பாருங்கள், கண்ணை அதிலேயே வைத்துக் கூடவே இறங்க வேண்டும். பாதி தூரத்தில் அது நுனி கூராகி அம்பு மாதிரி ஆகிறது, அப்புறம் வால் முளைக்கிறது, முக்கால் தூரத்தில் புகையாகிவிடுகிறது, அதற்குள் மேலே அடுத்த கட்டி. இப்படி ஒன்று, இன்னொன்று என்று நான் எத்தனை பார்த்தேன் என்று தெரியாது. குற்றாலத்தில் எத்தனை நூறு தடவை குளித்திருப்பேன், தண்ணீர் விழுவதை இப்படிப் பார்த்ததே இல்லை. அருவிக்குள் நிற்கிறவனுக்கு அருவி தெரியாது, முதுகுதான் வலிக்கும்.

மகளுக்குத் தண்ணீர் முக்கியமில்லை, மீன் முக்கியம். ஓஓபு ஆலமோஓ என்கிற மீன். நடுக்கடலில் எரிமலையாக முளைத்த தீவு என்பதால், மற்ற நிலத்து ஆறுகளிலிருந்து எந்த நன்னீர் மீனும் இங்கே வர வழியில்லை. ஓடைகளில் தானாக வந்து சேர்ந்த மீன் இனங்கள் மொத்தம் ஐந்துதான், ஐந்துமே கடலிலிருந்து ஏறி வந்தவை. ஆலமோஓ முட்டையிடுவது அருவிக்கு மேலே உள்ள ஓடையில். பொரிந்த குஞ்சு தண்ணீரோடு அடித்துக்கொண்டு அருவியில் விழுந்து கடலுக்குப் போய்விடும். சில மாதம் கடலில் மிதந்து வளர்ந்து, விரல் கணு அளவு ஆனதும் ஏதாவது ஓடை வாயைக் கண்டுபிடித்து உள்ளே வரும். அப்புறம் ஏறும். வயிற்றுப் பக்கத்துத் துடுப்பு இரண்டும் ஒட்டிப்போய் ஒரு உறிஞ்சு கிண்ணமாக இருக்கிறது, அதை ஈரப்பாறையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக, இந்த 135 மீட்டரையும். எதற்கு இந்தப் பாடு என்றால், கீழே இவற்றைத் தின்கிற மீனுக்குப் பாறை ஏறத் தெரியாது. மேலே போய்ச் சேர்ந்துவிட்டால் பயமில்லை.

"எவ்வளவு பெருசு இருக்கும்?" என்று அம்மா கேட்டாள். ஏறும்போது ஒரு அங்குலம் என்றாள் மகள்.

"அயிரை." கொஞ்ச நேரம் அருவியையே பார்த்தாள். "ஒரு அயிரை மீனு இம்புட்டு ஒசரம் ஏறுதாக்கும். யாரும் அதக் குளிக்கப்படாதுன்னு சொல்லல பாரு."

மகள் ஃபோனை முடிந்தவரை பெரிதாக்கிப் பாறையைப் படம் எடுத்து, ஒரு கறுப்புப் புள்ளியைக் காட்டி அதுதான் மீன் என்றாள். அது பாசி. நாங்கள் எல்லோரும் மீன் என்றே ஒத்துக்கொண்டோம்.

அன்று மத்தியானம் இன்னும் வடக்கே வைபியோ பள்ளத்தாக்கு வரை போனோம். கீழே இறங்குகிற சாலை செங்குத்தானது, 2022 பிப்ரவரியிலிருந்து சுற்றுலா வருகிறவர்களைத் தாங்களாக அதில் இறங்க விடுவதில்லை. மேலிருந்து பார்க்கலாம். மேகம் விலகிய இரண்டு நிமிஷத்தில் கறுப்பு மணல் கரை, நடுவில் ஆறு, சதுரம் சதுரமாகச் சேப்பங்கிழங்கு வயல். சேம்பை அங்கே கலோ என்கிறார்கள், கிழங்கை வேகவைத்து இடித்துக் கூழ் மாதிரிச் செய்கிறார்கள், அதற்குப் பெயர் "போய்", அது அவர்களுக்குச் சோறு. பள்ளத்தாக்குக்குள் ஹியிலாவே என்று ஆகாகாவைவிட மூன்று பங்கு உயரமான அருவி இருக்கிறது. நாங்கள் பார்க்கவில்லை, மேகம்தான் பார்த்தோம்.

திரும்பும்போதுதான் அந்தக் காரியம். வீட்டுக்காரருக்கு அத்தையை எப்படியாவது ஒரு அருவியில் குளிப்பாட்டிவிட வேண்டும் என்று பிடிவாதம் வந்துவிட்டது. யாரோ ஒரு வீடியோவில், பெயர் சொல்ல வேண்டாம், நெடுஞ்சாலைப் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு ஓடை, அதில் இடுப்பளவுத் தண்ணீர், இரண்டு ஆள் உயரத்தில் குட்டி அருவி, கூட்டமே இல்லை என்று காட்டியிருந்தான். போனால் உண்மைதான். தண்ணீர் கண்ணாடி மாதிரி, அடியில் கூழாங்கல் தெரிந்தது. மழைகூட நின்றிருந்தது. அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. கல்லில் உட்கார்ந்து மஞ்சப்பையைத் திறந்து, குப்பியைத் திருகி, உள்ளங்கை நிறைய எண்ணெய் ஊற்றி உச்சியில் வைத்துத் தட்டினாள். காதுக்குப் பின்னால், கழுத்தில், முழங்கையில். அந்த மணம் வந்ததும் எனக்கே எண்ணெய் வேண்டும் போல் இருந்தது.

மேலே சாலையில் ஒரு பிக்கப் வண்டி நின்றது. அறுபது வயதிருக்கும் ஒரு அம்மாள், தொப்பியும் ரப்பர்ச் செருப்புமாக, கையை ஆட்டிக் கத்திக்கொண்டே பாதி தூரம் இறங்கி வந்தார். ஹவாயில் வயதான பெண்களை எல்லோரும் ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுகிறார்கள், நம்மைப் போலவே. ஏறி வாருங்கள், பிள்ளையை முதலில் அனுப்புங்கள் என்றார். மேலே பாருங்கள் என்று மலையைக் காட்டினார். எங்கள் தலைக்கு மேலே வானம் வெளுத்திருந்தது, மலைப்பக்கம் மை கொட்டின மாதிரி இருந்தது. வீட்டுக்காரர், ஐந்து நிமிஷம் மட்டும் என்று ஏதோ சொல்ல வாயெடுத்தார். தண்ணீரைப் பாருங்கள் என்றார் ஆன்ட்டி.

கூழாங்கல் தெரியவில்லை. கண்ணாடி மாதிரி இருந்தது டீயாகியிருந்தது. இலையும் குச்சியும் வர ஆரம்பித்திருந்தன. மகளைத் தூக்கிக்கொண்டு, அம்மாவைக் கைபிடித்து ஏற்றிச் சாலைக்கு வந்து திரும்பிப் பார்க்கும்போது அம்மா உட்கார்ந்திருந்த கல் பாதி முழுகியிருந்தது. பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. எங்களுக்குத் தெரியாத விஷயம் என்றும் சொல்ல முடியாது. பழைய குற்றாலத்தில் சருகு வந்தால் ஓடு என்று சின்ன வயசிலேயே எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் அம்மாதான். விடுமுறையில் வந்துவிட்டால் தெரிந்ததுகூட மறந்துபோகிறது. அந்த வீடியோக்காரனை இன்றுவரை திட்டிக்கொண்டிருக்கிறேன், ஆனால் பார்த்துப் போனது நாங்கள்தானே.

ஆன்ட்டி அம்மாவின் தலையைப் பார்த்து, இது என்ன எண்ணெய் என்று கேட்டார். எள் என்றேன். அவர்கள் குக்குயி கொட்டையில் எண்ணெய் எடுத்துத் தேய்ப்பார்களாம். அம்மாவின் தோளைத் தட்டிவிட்டு, வண்டியிலிருந்து ஒரு சீப்பு வாழைப்பழம் எடுத்துக் கொடுத்தார், நம் ஊர் ரஸ்தாளிக்குத் தங்கச்சி மாதிரி ஒரு புளிப்பு.

நாங்கள் ஹிலோவுக்குத் தெற்கே பூனா பக்கம் ஒரு வீட்டில் தங்கியிருந்தோம். அந்தப் பக்கம் நிறைய வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீர் இணைப்பே கிடையாது. தகரக் கூரையில் விழுகிற மழையைத் தகர வாய்க்காலில் பிடித்து, வீட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய வட்டத் தொட்டியில் சேர்த்து, வடிகட்டிப் புழங்குகிறார்கள். குளிக்க, பாத்திரம் கழுவ அது, குடிக்கக் கேன் தண்ணீர். அம்மா எண்ணெய்த் தலையோடு உம்மென்று திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே ஷவரில் வெந்நீர் வருகிறது, போய்க் குளி என்று நான் இரண்டு தடவை சொன்னேன். பதில் இல்லை. மலைப்பக்கம் கண்ட அந்த மை அப்போது எங்களை வந்து சேர்ந்தது. தகரக் கூரையில் அந்தச் சத்தம், பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்கவில்லை.

கால் மணி நேரம் கழித்துத் திண்ணையில் அம்மா இல்லை. பின்பக்கம் ஓடினேன். தொட்டி நிரம்பியிருந்தது. மிஞ்சின தண்ணீர் வெளியே போவதற்காக மேல் விளிம்பில் ஒரு தடித்த குழாயை வளைத்துவிட்டிருக்கிறார்கள், அதிலிருந்து என் தொடை தடிமனுக்குத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அதற்கு அடியில் நைட்டியோடு அம்மா, கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கையாலும் பிடரியைத் தேய்த்துக்கொண்டு. கூரையில் எலி ஓடியிருக்குமே, அந்தப் பலகையில் போட்டிருந்ததே என்று நான் கத்தினேன். தண்ணீர்ச் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை, அல்லது கேட்டது. மகள் என்னைத் தாண்டி ஓடி ஆச்சியின் இடுப்பைக் கட்டிக்கொண்டு உள்ளே நுழைந்துவிட்டாள்.

அம்மா ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.

"ஏட்டி, வேடிக்கை பாத்துக்கிட்டு நிக்காத. அந்தச் சீயக்காய எடுத்துட்டு வா, தண்ணி நிக்கதுக்குள்ள."